ஹிரேபெனகல் மலையில் எலும்பு இல்லை என்றால் அது எப்படி இடுகாடு?

வாசகர் கேள்வி, 2023 நவம்பர் 18

"ஐயா, ஹம்பிக்குப் போனவர்கள் அப்படியே ஹிரேபெனகல் மலைக்கும் ஏறி வந்தோம். மேலே எங்கு பார்த்தாலும் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய கல்வீடுகள், வட்டத் துளைதான் வாசல். நான் விடாமல் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். எலும்பு இல்லை, பானை இல்லை, வெறும் பாறைத் தரை. கூட வந்த நண்பர் இது பெருங்கற்கால இடுகாடு, அதாவது பெரிய கற்களால் சின்னம் எழுப்பிய பழங்காலத்து இடுகாடு என்கிறார். பிணமே இல்லாத இடத்தை இடுகாடு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? மனிதர்கள் குடியிருந்த வீடுகளாக ஏன் இருக்கக் கூடாது?"

நவம்பர் 19

குடியிருந்த வீடுகள் அல்ல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் வாசல் என்று நினைத்த வட்டத் துளையை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அதற்கு இடுதுளை என்று பெயர். நான் இரண்டு முறை அங்கே போயிருக்கிறேன். ஒரு துளையில் தலையையும் ஒரு தோளையும் நுழைத்துப் பார்த்தேன், மறு தோள் இடித்தது. இடுப்பில் குழந்தையோடும் தலையில் குடத்தோடும் தினமும் அதற்குள் யார் புகுந்து வெளிவருவார்கள்? பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கே நிற்கும் சின்னக் கல்வீடுகளையும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஓர் ஆடுகூடப் படுக்க முடியாது. அந்த மக்கள் வாழ்ந்ததற்கான தடயம் அதே மலையில் வேறு பக்கம் பானை ஓடுகளாகக் கிடக்கிறது. வாழ்ந்த இடம் ஒன்று, கல்வீடு கட்டிய இடம் இன்னொன்று.

போகாதவர்களுக்காக இரண்டு வரி. கர்நாடகத்தில் கொப்பள் மாவட்டம், கங்காவதிக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். அங்கே சுமார் 400 பெருங்கற்காலச் சின்னங்கள் இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலும் கி.மு. முதலாயிரத்தாண்டைச் சேர்ந்தவை. 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தது. காஞ்சிபுரத்துக் கோயில்களும் அதே ஆண்டு அதே பட்டியலில் சேர்ந்தன. காஞ்சிக்குக் கிடைத்த செய்தியில் பத்தில் ஒரு பங்குகூட இந்த மலைக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

நவம்பர் 22

எலும்பு எங்கே போனது என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.

அந்த மலை முழுக்கக் கருங்கல். கருங்கல் சிதைந்து உண்டாகும் மண்ணில் புளிப்புத் தன்மை அதிகம். அதில் எலும்பு நெடுநாள் தங்காது. மலை உச்சியில் அந்த மண்ணும் கிடையாது, கல்வீட்டின் தரை அப்படியே பாறை. மழை ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் வடிகிறது. நரி, முள்ளம்பன்றி, கரடி என்று எல்லாம் உலவும் காடு அது. முள்ளம்பன்றி எலும்பைத் தேடி எடுத்துக் கொறிக்கும் என்பது காட்டோரம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இவற்றையெல்லாம் தாண்டி ஏதாவது மிஞ்சியிருந்தால் அதைப் புதையல் தேடிகள் விட்டுவைத்திருக்க மாட்டார்கள். மூடுகல் சரிந்து கிடக்கும் கல்வீடுகளில் பாதி அவர்கள் கைவேலைதான் என்று நினைக்கிறேன்.

எலும்பு தங்கிய இடங்களும் உண்டு. சித்ரதுர்கா மாவட்டத்து பிரம்மகிரியில் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் 1947இல் தோண்டினார். அங்கேயும் இடுதுளை வைத்த கல்லறைகள்தான். நான்கு பக்கப் பலகைக் கற்களையும் ஒன்றன் முனையை மற்றது தாண்டி நிற்கும்படி, ஸ்வஸ்திக வடிவில் நிறுத்தியிருந்தார்கள். வெளியிலிருந்து மண் எவ்வளவு நெருக்கினாலும் பலகைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், உள்ளே சாயாது. அந்த அறைகளில் மண்டையோடுகளும் நீண்ட எலும்புகளும் பானைகளும் இரும்புக் கருவிகளும் இருந்தன. முழு உடல்களாக இல்லை. வேறெங்கோ சதை கழிந்த பிறகு, பொறுக்கிக் கொண்டுவந்து வைத்த எலும்புகள்.

அதே துளை, அதே பலகைக்கல், அதே காலம். ஆகவே ஹிரேபெனகலும் இடுகாடுதான்.

நவம்பர் 23

மேலே உள்ள கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஓர் ஆசிரியை நேற்றிரவு எழுதியிருந்தார். "பிரம்மகிரிக் கல்லறைகள் சமதரையில், மண்ணுக்குள் புதைத்துக் கட்டியவை. ஹிரேபெனகலில் இருப்பவை பாறைக்கு மேல் வெட்டவெளியில் நிற்பவை. ஒன்று கற்பதுக்கை, மற்றது கற்திட்டை. ஒன்றில் கிடைத்ததை வைத்து மற்றதற்கு எப்படித் தீர்ப்பு எழுதுகிறீர்கள், ஐயா?"

அவர் சொல்வது சரி. மண்ணுக்குள் மூடிவிட்ட அறையை ஒருவன் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. வெட்டவெளியில் நிற்கும் அறையைத் தினமும் போய்ப் பார்க்கலாம். இந்த வேறுபாடு சின்னதல்ல. நான் அவசரப்பட்டுவிட்டேன்.

நவம்பர் 30

ஒரு வாரமாக இதே யோசனை. எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அது கல்.

என் அப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் கல் உடைக்கும் மேஸ்திரி. பன்னிரண்டு வயதிலிருந்து பள்ளி விடுமுறையெல்லாம் எனக்குப் பாறை மேல்தான். அந்தக் காலத்தில் சப்படி, அதாவது பலகைக்கல், எடுப்பது நெருப்பால். பாறையின் மேல் விறகை நீளவாக்கில் அடுக்கிக் கொளுத்துவார்கள். சீராக எரிய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பை முன்னே தள்ளிக்கொண்டே போவார்கள். சூட்டில் பாறையின் மேல்தோல் விரியும், அடித்தோல் விரியாது. இரண்டுக்கும் நடுவே விரிசல் ஓடும். அப்பா நெருப்புக்கு முன்னால் குனிந்து சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார். ஒட்டியிருக்கும் பாறை "டக்" என்று செத்த ஒலி கொடுக்கும். பிரிந்துவிட்ட பாறை "ணங்" என்று பேசும். எங்கே ஒலி மாறுகிறதோ அதுவரை ஏடு கழன்றுவிட்டது என்று அர்த்தம். பிறகு கோடு போட்டு உளியால் துண்டாக்குவார்கள்.

முதல் முறை ஹிரேபெனகலில் அந்தப் பலகைகளைத் தொட்டபோது என் கைக்கு இது உடனே தெரிந்தது. இரண்டு முகமும் மட்டமாக, ஒரே கனத்தில் உரித்தெடுத்த ஏடுகள். மலையில் ஒரு குளம் இருக்கிறதே, அது கல் எடுத்த பள்ளத்தில் மழைநீர் தேங்கி உண்டானது. கல்வீடுகளின் கல்லெல்லாம் அந்த மலையிலேயே எடுத்தது, வெளியிலிருந்து வந்ததல்ல.

இப்போது எடைக்கு வருகிறேன். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு மூடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கல் கனமீட்டருக்கு 2.7 டன் என்று வைத்தால் மூன்று டன்னுக்கு மேல் வரும். அப்பாவின் ஆட்கள் ஆறடி நீளம், இரண்டடி அகலம், நான்கு அங்குலக் கனமுள்ள சப்படியை மூங்கில் கட்டி எட்டுப் பேர் தூக்குவார்கள். அது சுமார் முந்நூறு கிலோ. அந்தக் கணக்கில் மூடுகல்லுக்கு எண்பது பேர் வேண்டும். எண்பது பேர் தோள் கொடுக்க அந்தக் கல்லைச் சுற்றி இடமே கிடையாது. ஆகவே உருளையும் கயிறும் நெம்புகோலும் சாய்தளமும்தான். எப்படிப் பார்த்தாலும் ஒரு வீட்டார் மட்டும் செய்து முடிக்கும் காரியமல்ல. பல வீடுகள் வேலையை விட்டு வந்திருக்க வேண்டும், அத்தனை பேருக்கும் யாரோ சோறு போட்டிருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எலும்பு மட்டும்தான் தடயம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கூடி இழுத்த கையும் தடயம்தான். ஒருவருடைய சாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அந்த மூடுகல்லின் எடை இன்றும் சொல்கிறது.

டிசம்பர் 1

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "நெருப்பால் எடுத்தார்கள்" என்று படிக்கும்படி எழுதிவிட்டேன். அது என் அப்பாவின் முறை. அந்த மலையில் அப்படித்தான் செய்தார்கள் என்று காட்ட என்னிடம் சான்று இல்லை. கருங்கல் வெயிலிலும் குளிரிலும் தானாகவே வெங்காயத் தோல்போல ஏடு ஏடாகக் கழல்வதும் உண்டு. கழன்ற ஏட்டைக் கடப்பாரை போட்டுக் கிளப்பினாலே போதும். இரண்டும் நடந்திருக்கலாம்.

டிசம்பர் 9

"மோரியர் குட்டா" என்று அந்த மலையை ஏன் அழைக்கிறார்கள் என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. கல்வீடுகளுக்கு "மோரியர் மனை" என்று பெயர். குட்டா என்றால் கன்னடத்தில் குன்று.

இந்தப் பெயரைக் கேட்ட நொடியில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சங்கப் பாட்டில் மோரியர், அதாவது மௌரியர், எப்போது வந்தாலும் பாறையோடுதான் வருகிறார்கள். அகநானூறு 251இல் மாமூலனார் "வம்ப மோரியர்" என்கிறார். அவர்களுடைய தேர்ச்சக்கரம் உருள்வதற்காக மலையைக் குறைத்து வழி செய்தார்களாம். புறநானூறு 175இலும் அதே செய்தி. பாறையை வெட்டியவர்கள் மோரியர் என்ற நினைவு தமிழ்ப் பாட்டிலும் இருக்கிறது, கன்னட ஊர்ப்பேச்சிலும் இருக்கிறது. கொப்பளிலேயே கவிமடத்திலும் பால்கிகுண்டுவிலும் அசோகன் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆகவே மௌரியர்களை அந்த மண் நேரில் அறியும்.

ஆனால் கல்வீடுகளைக் கட்டியவர்கள் மௌரியர்கள் அல்ல. இந்த வகைச் சின்னங்கள் தக்காணத்தில் மௌரிய ஆட்சிக்குப் பல நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டன. கட்டியவர்களை மறந்த பிறகு, பாறை வேலை என்றாலே நினைவுக்கு வரும் ஒரு பெயரை ஊர் அதற்கு ஒட்டியிருக்கலாம். இதை நிரூபிக்க முடியாது, ஆனால் எனக்கு இது பிடித்திருக்கிறது. வேறு ஊர்களில் இதே கல்வீடு பாண்டவர் வீடு, கேரள மறையூரில் முனியறை. என் அம்மா ஊர்ப்பக்கம் குள்ளர் வீடு என்பார்கள். துளை சிறிது, ஆகவே உள்ளே இருந்தவர்களும் சிறியவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். நானும் நம்பியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்து மல்லசந்திரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம், அதுவும் மலை மேல்தான், அங்கேயும் கற்திட்டைக் கூட்டம். சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை நிறத்தில் ஓவியம் வரைந்திருக்கிறார்கள். அந்த ஓவியங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

டிசம்பர் 10

வேற்றுக் கிரகத்தார், ராட்சதர் என்று எழுதி அனுப்பியவர்களுக்கு: கல்லை உரித்து, இழுத்து, நிறுத்தியவர்கள் மனிதர்கள். என் அப்பாவைப் போன்றவர்கள். இந்தப் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்வோம்.

டிசம்பர் 17

அப்பா இறந்து நேற்றோடு ஆறு வருடம். ஆகவே இன்று கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

எரித்த மறுநாள் காலையில் பால் தெளிக்கப் போனோம். சாம்பலில் தண்ணீர் ஊற்றி ஆற்றினார்கள். பெரியப்பா என்னை முன்னே நிறுத்தி, "கால் பக்கத்திலிருந்து எடு, தலை கடைசியில் வர வேண்டும்" என்றார். ஒவ்வொன்றாக எடுத்துப் புது மண்கலயத்தில் போட்டேன். அந்தப் பெரிய உடம்பு ஒரு கலயத்தில் அடங்கிவிட்டது. துணி கட்டி ஒகேனக்கல்லுக்குக் கொண்டுபோய்க் காவிரியில் விட்டோம்.

மூவாயிரம் வருடம் கழித்து ஒருவர் வந்து என் அப்பாவின் எலும்பைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதனால் அவருக்குச் சடங்கு செய்யவில்லை என்று ஆகுமா? எல்லாம் முறைப்படி செய்தோம். செய்த முறையே தடயத்தைக் கரைக்கும் முறை.

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் என்ற சுடுகாடு வரும் இடம் பலருக்கு நினைவிருக்கும். "சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்" என்று ஒரே ஊரின் ஒரே காட்டில் ஐந்து வழக்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. தாழியில் கவித்தவருடைய எலும்பு மிஞ்சலாம். சுட்டவருடையது ஆற்றில் போகும். "இடுவோர்" என்பது அப்படியே போட்டுவிட்டுப் போவது, அதை நரி பார்த்துக்கொள்ளும். ஹிரேபெனகலுக்கும் இந்தக் காப்பியத்துக்கும் நடுவே நிலமும் வேறு, நூற்றாண்டுகளும் பல. ஆனாலும் ஒரு மலையில் 400 சின்னம் இருந்தால் நானூறும் ஒரே வழக்கம் என்று நினைக்கக் கூடாது என்பதை எனக்குச் சொல்லித் தந்தது இந்த இரண்டு அடிதான்.

இன்னொன்றும் இதோடு சேர்த்து எழுத வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் நிஜாமிடம் வேலை பார்த்த பிலிப் மெடோஸ் டெய்லர்தான் தக்காணத்துப் பெருங்கற்சின்னங்களை முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர். ஹிரேபெனகலும் அவர் எழுத்தில் வருகிறது. வேறோர் இடத்துக் கற்குவைகளைத் தோண்டியபோது தலை தனியாகக் கிடந்த எலும்புக்கூடுகளைக் கண்டு நரபலி என்று முடிவுக்கு வந்தார். கவனமாக அளந்து, படம் வரைந்து வேலை செய்தவர். அவருடைய உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் தலை வேறு உடல் வேறு என்றால் வெட்டிக் கொன்றதாகத்தான் இருக்க வேண்டுமா? நான் அப்பாவின் தலை எலும்பைத் தனியாகக் கையில் எடுத்தேன். அது அன்பினால் செய்தது. அந்த எலும்புகளைப் படிக்கும்போது பொறுக்கிச் சேர்த்த கையையும் ஒரு சாத்தியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

டிசம்பர் 18

நேற்றைய குறிப்புக்குப் பலர் தங்கள் வீட்டு வழக்கங்களை எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்தேன். தலையிலிருந்து தொடங்குவோம் என்று சிலர், காலிலிருந்து என்று சிலர். எங்கள் வீட்டு வரிசைதான் எல்லோருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

டிசம்பர் 26

எலும்பு பொறுக்கும் வழக்கத்திலிருந்து இரண்டு இடங்களுக்குப் போகிறேன். இரண்டும் கல்லும் சாவும் சேர்ந்தே இருந்த இடங்கள்.

மேகாலயத்துக் காசி மக்கள் தாய்வழிக் குடியினர். அவர்களுடைய பழைய வழக்கத்தில் எரித்த எலும்பை முதலில் சிறிய கல்லறையில் வைப்பார்கள். பிறகு, பல ஆண்டுகள் கழித்தும்கூட, அந்தத் தாய்வழிக்குடி முழுமைக்கும் பொதுவான பெரிய கல்லறைக்கு எடுத்துச் செல்வார்கள். அதற்கு மாவ்பா என்று பெயர். ஒருவருடைய சாவு ஒரே நாளில் முடிவதில்லை. உறவுகள் சமாதானமாகி, செலவுக்குப் பொருள் சேர்ந்து, எல்லா எலும்பும் ஒன்றாகும்போதுதான் முடிகிறது.

இதைப் படித்த பிறகு ஹிரேபெனகலின் இடுதுளை எனக்கு வேறாகத் தெரிகிறது. ஒரே ஒருவருக்காகக் கட்டி மூடிவிடுவதென்றால் துளை எதற்கு? நான்கு பலகையை நிறுத்தி மூடிவிடலாமே. துளை வைத்தவன் திரும்பி வர நினைத்திருக்கிறான். இன்னொருவருடைய எலும்பை வைக்கவோ, சோறு வைக்கவோ, உள்ளே பார்த்துப் பேசவோ.

இரண்டாவது இடம் நீலகிரி. அங்கே முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் எழுதிய நூல் 1873இல் வந்தது. அதில் குறும்பர் என்ற பழங்குடியினரின் வழக்கம் ஒன்று வருகிறது. ஒருவர் இறந்தால், நீரில் உருண்டு வழுவழுப்பான நீண்ட கல் ஒன்றை எடுத்துவந்து, மலையில் கிடக்கும் பழைய கற்திட்டை ஒன்றுக்குள் வைப்பார்கள். எலும்பே இல்லை, அந்த ஆளுக்குப் பதில் ஒரு கூழாங்கல். திட்டையைக் கட்டியவர்கள் வேறு யாரோ, அதைப் பயன்படுத்துகிறவர்கள் இவர்கள்.

நம்முடைய கருமாதியில் கல் வைத்து அதில் இறந்தவரை வரவழைத்துப் படைப்போமே, அது நினைவுக்கு வருகிறதா? அப்பாவுக்கும் வைத்தோம். கைக்குள் அடங்கும் கல். பதினாறாம் நாள் அதையும் தண்ணீரில் விட்டோம்.

ஆகவே அந்த முழங்கால் உயரத் திட்டைகளில் முதலிலிருந்தே எலும்பு இல்லாமல் இருந்திருக்கலாம். வெளியூரில் செத்தவனுக்கு, ஆற்றோடு போனவனுக்கு, உடல் கிடைக்காதவனுக்கு ஒரு கல். நவம்பரில் நான் "எலும்பு எங்கே போனது" என்று பதில் தேடிக்கொண்டிருந்தேன். சிலவற்றில் அந்தக் கேள்வியே பொருந்தாது என்று இப்போது நினைக்கிறேன்.

டிசம்பர் 28

ஆசிரியை மறுபடி எழுதினார். "குறும்பர் வழக்கத்தை மூவாயிரம் ஆண்டு பின்னால் கொண்டுபோய் ஒட்டுகிறீர்கள். பிரம்மகிரியில் செய்த அதே அவசரம்."

பாதி ஒப்புக்கொள்கிறேன். குறும்பர் செய்தார்கள், ஆகவே இவர்களும் செய்தார்கள் என்று நான் சொன்னால் அது தவறு. எலும்பு இல்லாமலும் கல்வீடு சாவுக்கானதாக இருக்க முடியும் என்று மட்டும் சொன்னால் அதற்குக் குறும்பர் போதும். நான் சொல்ல வந்தது இரண்டாவது. முதலாவது போல எழுதிவிட்டேன்.

2024 ஜனவரி 6

ஏன் மலை உச்சி? இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள்.

ஊரிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்பதற்காக என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கீழே நின்று பார்த்துவிட்டு ஏறினால் அப்படிச் சொல்ல மாட்டார். நான் ஏறிய பக்கத்தில் கடைசி ஏற்றம் வரை ஒன்றுமே தெரியவில்லை. உருண்டைப் பாறைகளும் முள்ளும்தான். கடைசிப் பாறையைச் சுற்றித் திரும்பியதும் திடீரென்று ஒரு தெருவுக்குள் நுழைந்தது போலக் கல்வீடுகள் இருபுறமும் நின்றன. கால் தானாக நின்றுவிட்டது. கூட வந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கீழே உள்ளவர்களுக்குக் காட்டுவதற்காகக் கட்டியிருந்தால் விளிம்பில் கட்டியிருப்பார்கள். வருகிறவர்களுக்காகக் கட்டியது அது.

கல் அங்கே இருக்கிறது என்பதும் காரணம். மூன்று டன் பலகையை மலையிலிருந்து இறக்குவதைவிட மனிதன் ஏறிவிடுவது எளிது. இதை யாரும் பெரிய காரணமாகச் சொல்வதில்லை, கல் வேலை செய்த வீட்டில் பிறந்தவனுக்கு இதுதான் முதலில் தோன்றும்.

இனி முரசுப்பாறை. ஓர் உயரமான பாறையின் தலையில் அரைக்கோள வடிவில் நகாரா போன்ற ஒரு கல் இருக்கிறது. அடித்தால் ஒலி ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும் என்கிறார்கள். சாவுக்கு அடித்தார்களா, எதிரி வந்தால் அடித்தார்களா, மழைக்காகவா என்று பல கருத்து உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. அந்தக் கல் பேசும் என்று முதலில் யாருக்குத் தெரிந்திருக்கும்? நாள் முழுக்கப் பாறையைத் தட்டித் தட்டி ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத்தான். அப்பா புதுப் பாறை ஒன்றைப் பார்த்தால் சும்மா கடந்து போகமாட்டார், ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார். மூவாயிரம் வருடம் முன்னால் அப்படி ஒருவன் அந்தப் பாறை மேல் ஏறித் தட்டியிருக்கிறான். என்னால் அவனை நேரில் பார்த்தது போல நினைக்க முடிகிறது.

ஜனவரி 7

முரசுப்பாறையை அடிக்க எதைக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டவருக்கு: எதையும் கொண்டுபோக வேண்டாம். ஒவ்வொரு கூட்டமும் ஒரு முறை அடித்தால் அந்தக் கல் எத்தனை நாள் தாங்கும்?

ஜனவரி 15

கோபத்தோடு எழுதுகிறேன். இரண்டாவது முறை போனபோது, முதல் முறை நான் படம் எடுத்த ஒரு கல்வீட்டின் துளைப்பலகை நடுவில் பிளந்து கிடந்தது. அடியில் புதிதாகத் தோண்டிய குழி. பாறை மேல் என்ன கிடைக்கும் என்று தோண்டினார்களோ. நான் புகார் எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. பிளந்த பலகையை ஒட்டிவிடலாம். ஆனால் தரையில் ஏதாவது ஒரு பானைச்சில்லோ கூழாங்கல்லோ எந்த மூலையில் கிடந்தது என்பது போய்விட்டது. நாம் இரண்டு மாதமாக இங்கே எதற்கு அடித்துக்கொள்கிறோமோ, அதற்கான பதில் அந்த மூலையில்தான் இருந்திருக்கும். தயவுசெய்து அங்கே எதையும் எடுக்காதீர்கள், நகர்த்தாதீர்கள், நினைவுக்காக ஒரு சில்லைக்கூடப் பையில் போடாதீர்கள்.

ஜனவரி 21

முதல் பயணத்தில் நடந்த ஒன்றை இதுவரை எழுதவில்லை. இந்த விவாதத்துக்குப் பொருந்துமா என்று தெரியாமல் விட்டுவைத்தேன்.

இறங்கும்போது ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் வழியில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கன்னடம் வரும். "அஜ்ஜா, இதெல்லாம் யார் வீடு?" என்று கேட்டேன். மோரியர் என்றார். குள்ளமானவர்கள், பலசாலிகள் என்றார். பிறகு என்னை எந்த ஊர், அப்பா இருக்கிறாரா என்றெல்லாம் விசாரித்தார். போன வருடம் தவறிவிட்டார் என்றேன்.

"கல் வைத்தாயா?"

வைத்தோம் அஜ்ஜா, பதினாறாம் நாள் ஆற்றில் விட்டோம் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் எங்கே போய்ப் பார்ப்பாய்?" என்றார்.

எனக்கு அப்போது பதில் வரவில்லை. துளை எதற்கு என்று டிசம்பரில் எழுதினேனே, அது என் சொந்த யோசனை என்று நினைத்துத்தான் எழுதினேன். இப்போது திரும்பப் படிக்கும்போது அந்தப் பெரியவர் கேட்டதைத்தான் வேறு வார்த்தையில் எழுதியிருக்கிறேன் என்று தெரிகிறது.

ஜனவரி 28

முதலில் கேள்வி கேட்ட நண்பர் தன்னிடம் இருந்த படங்களை அனுப்பியிருக்கிறார், நன்றி. பெரிய கல்வீடுகளைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள், அவரும் அப்படியே. பிப்ரவரி முதல் வாரம் நான் மறுபடி போகிறேன். இந்த முறை முழங்கால் உயரத் திட்டைகளை மட்டும், அளவுகோல் வைத்து, தொடாமல் படம் எடுக்கப் போகிறேன். உள்ளே உருண்டைக் கல் ஏதாவது கிடக்கிறதா, அது அந்த மலைக் கல்லா ஆற்றுக் கல்லா என்று பார்க்க வேண்டும். மலைக் கல்லையும் ஆற்றுக் கல்லையும் கண்ணாலேயே பிரிக்க அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். துங்கபத்திரை பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆசிரியையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாராவது வருவதானால் விடியற்காலையில் கங்காவதியில் இருக்க வேண்டும். கரடி உலவும் இடம், வழி தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் ஏற வேண்டாம்.